உரையாடல் உறையும் இடம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் தம் நிலத்தில் சின்ன வெங்காயத்தின் தாள் சுருண்டு கருகக் காண்கின்றார். உடனே அதனைப் படம் பிடித்து, உழவர் பலர் சேர்ந்துள்ள சமூக வலைத்தளக் குழுவொன்றில் இடுகின்றார். 'இந்நோய் எதனால் வந்தது? யாது மருந்து இடலாம்?' என வினவுகின்றார். அரியலூரில் இருக்கும் உழவர் ஒருவர் இமைப்பொழுதில் விடை பகர்கின்றார். படம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நேரே சென்றது என்றே இருவரும் எண்ணியிருப்பர். உண்மை அஃதன்று. அப்படம் அலைவடிவில் கோபுரத்தை அடைந்து, கண்ணாடி இழைகளின் வழியே நெடுந்தொலைவு ஓடி, அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் கணினியில் பதிந்த பின்னரே அரியலூரை எட்டிற்று. உழவர் இருவரும் பேசி முடித்துத் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டனர். அவர்தம் பேச்சு மட்டும் அந்நிறுவனத்தின் கணினியிலேயே தங்கிவிட்டது.

முற்காலத்தில் ஊர்ப்பேச்சு ஊர்ச் சாவடியில் நிகழ்ந்தது. சாவடி ஊருக்கு உரியது. அதன் கூரை ஒழுகினால் ஊரார் கூடி ஓலை வேய்வர். இன்றைய பேச்சு நிகழும் சாவடி யாருக்கு உரியது? அதனை ஒருநாள் பூட்டிவிட்டால் கேட்பார் யார்? ஊரார் தமக்கென ஒரு சாவடியைத் தாமே கட்டிக்கொள்ளல் கூடுமா? கூடுமெனின் அதற்கு வேண்டுவன யாவை? இவையே இங்கு ஆராயத்தக்கன.

செய்திகளை ஏற்று, சேமித்து வைத்து, கேட்பார்க்கு எடுத்து வழங்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர். சமூக வலைத்தளம் ஒன்றை நடத்த விரும்புவோர்க்கு வழி இரண்டு உண்டு. தாமே வழங்கியை வாங்கித் தம் இடத்தில் வைத்து நடத்துவது ஒன்று. பெருநிறுவனங்களின் கணினிகளில் வேண்டும் அளவு இடத்தை வாடகைக்குப் பெற்று நடத்துவது மற்றொன்று. இப்பின்னதனை மேகக் கணிமை என்பர். மேகம் என்னும் பெயர் சிலரை மயக்குவதுண்டு. அம்மேகம் வானில் இல்லை, மண்ணிலேதான் உள்ளது. பெரியதொரு கட்டடம், உள்ளே பேழை பேழையாக அடுக்கப்பட்ட கணினிகள், அவை உமிழும் வெப்பத்தைத் தணிக்க இரவும் பகலும் ஓடும் குளிர்பொறிகள், மின்சாரம் நின்ற கணத்தில் தாங்கிப் பிடிக்கும் மின்கலங்கள், அவற்றிற்குத் துணையாக டீசல் மின்னாக்கிகள். இதுவே மேகத்தின் மெய்யுருவம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் இத்தகைய மையங்களைத் திறந்தது. அமேசான் நிறுவனம் 2016 இல் மும்பையிலும் 2022 இல் ஐதராபாத்திலும் தன் மையங்களை நிறுவியது.

இவ்விரு வழிகளின் வேறுபாட்டை உணர்தற்கு இவ்வட்டாரத்து நீர்நிலைகளையே சான்றாகக் கொள்ளலாம். பெரம்பலூர்ப் பகுதி பெரிதும் வானம் பார்த்த பூமி. பச்சைமலையில் பொழியும் மழை ஓடைகளாய் இறங்கி ஏரிகளில் தங்குகின்றது. ஊர் ஏரியின் மதகைத் திறப்பவரும் அடைப்பவரும் ஊராரே. கரை உடைந்தால் கட்ட வேண்டியவரும், வண்டல் படிந்து தூர்ந்தால் அள்ள வேண்டியவரும் அவரே. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியோ வேறு வகையினது. பறவைகள் வந்து தங்கும் சிறப்பினால் 2024 ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அவ்வேரி, புள்ளம்பாடி வாய்க்கால் கொணரும் காவிரி நீரைப் பெறுவது. உள்ளூரில் மழை பொய்த்த ஆண்டிலும் அதற்கு நீர் வரக்கூடும். ஆனால் அந்நீரைத் திறந்துவிடும் கை கரைவெட்டியில் இல்லை. எங்கோ தொலைவில் உள்ளது.

மேகக் கணிமை வாய்க்கால் நீரைப் போன்றது. அதன் நன்மைகளைக் குறைத்துக் கூறுதல் அறமாகாது. ஒரு குழுவில் இன்று நூறு பேர் இருப்பர். ஏதேனும் ஒரு செய்தி பரவினால் நாளையே பதினாயிரவர் வந்து குவிவர். சொந்தக் கணினி வைத்திருப்பவர் அன்று திகைத்து நிற்பார். புதுப் பொறி வாங்கி வந்து பூட்டுதற்குள் வந்தவர்கள் சலித்துத் திரும்பிவிடுவர். மேகத்தில் இடம் பெற்றவரோ சில கட்டளைகளால் வேண்டும் அளவைப் பெருக்கிக்கொள்வார். கூட்டம் கலைந்தபின் சுருக்கிக்கொள்வார். பயன்படுத்திய அளவிற்கே கூலி. வட்டு பழுதானால் மாற்றுவது, நள்ளிரவில் எழுந்து பொறியைப் பார்ப்பது, தீயணைப்பு, காவல் முதலிய தொல்லைகள் எல்லாம் நிறுவனத்தாருடையன. சிறு முதலோடு தொழில் தொடங்கும் இளைஞர்க்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் வாய்க்கால் அடைபடும் காலமும் வரத்தான் செய்கின்றது. ஆர்குட் என்னும் வலைத்தளம் 2004 ஆம் ஆண்டில் தோன்றிற்று. இந்தியாவிலும் பிரேசிலிலும் அதற்கு இருந்த செல்வாக்கு மிகப் பெரிது. கல்லூரி மாணவர் பலர் தம் முதல் இணைய நட்பை அங்கேதான் பெற்றனர். அதன் உரிமையாளராகிய கூகுள் நிறுவனம் 2014 செப்டம்பர் 30 அன்று அதனை மூடிவிட்டது. படங்களை எடுத்துச் செல்லத் தவணை கொடுத்தனர், எடுத்தவர் பிழைத்தனர், எடாதவர் இழந்தனர். யாகூ நிறுவனத்தின் குழுக்கள் தமிழர்க்கு மேலும் நெருக்கமானவை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடந்த தமிழர், தமிழில் தட்டெழுதுவதே அருஞ்செயலாக இருந்த காலத்தில், அங்கே கூடிக் கதையும் கவிதையும் இலக்கண வாதமும் எழுதிக் குவித்தனர். மரத்தடி, அகத்தியர், இராயர் காப்பி கிளப் என்பன அக்குழுக்களுட் சில. யாகூ நிறுவனம் 2019 இல் பழைய பதிவுகளை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுக்களையே முற்றும் மூடியது. மரத்தடிக் குழுவினர் தம் எழுத்துகள் பலவற்றை முன்னரே தனியொரு தளத்தில் எடுத்து வைத்திருந்தனர். அவ்வாறு செய்யாத குழுக்களின் பேச்சு கரைந்த உப்பாயிற்று. நிறுவனத்தார் வன்மத்தால் மூடினாரல்லர். ஊதியம் இல்லை, ஆதலின் மூடினர். கடைக்காரர் கடையை அடைப்பது போன்றதே அது. கடையைச் சாவடி என்று எண்ணியிருந்தவர் பிழையே பிழை.

மூடாமல் இருக்கும்போதும் இடையூறு நேர்வதுண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் மையத்தில் முகவரி காட்டும் அமைப்பில் ஒரு பிழை நேர்ந்தது. அம்மையத்தை நம்பியிருந்த பல்வேறு செயலிகள் உலகெங்கும் தடுமாறின. செய்தி மறைகாப்பிற்குப் பெயர்பெற்ற சிக்னல் என்னும் செயலியும் அவற்றுள் ஒன்று. இலாப நோக்கமற்ற அறநிறுவனம் நடத்தும் செயலியே வாடகை வீட்டில் இருக்கின்றதா என்று பலர் வியந்தனர். உலகெங்கும் ஒரு நொடியில் குரலும் காட்சியும் கொண்டு சேர்க்கும் ஆற்றல் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களிடமே திரண்டுள்ளமையால் வேறு வழி அரிது என்று அதன் தலைவர் மெரிடித் விட்டேக்கர் விளக்கம் தந்தார்.

மற்றொரு வகை இடையூறு சட்டத்தாலும் அரசியலாலும் வருவது. 2021 சனவரியில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட சில நாள்களுள், பார்லர் என்னும் வலைத்தளத்தை அமேசான் தன் கணினிகளிலிருந்து வெளியேற்றியது. வன்முறையைத் தூண்டும் பதிவுகளை அத்தளத்தார் நீக்கவில்லை என்பது அமேசான் கூறிய காரணம். அக்காரணம் தக்கதே என்பாரும் உளர். ஒரு வணிக நிறுவனத்திற்கு இத்துணை அதிகாரம் ஆகாது என்பாரும் உளர். இருசாராரும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு: வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னால் குடியிருப்பவர் வெளியேறத்தான் வேண்டும். இந்தியாவில் 2025 சூலையில், குசராத்தில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்திற்கு மைக்ரோசாஃப்ட் தன் பணிகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. சில நாள்களில் பணி மீண்டது. இந்திய மண்ணில் இயங்கும் ஆலையின் மின்னஞ்சல், கடல் கடந்த ஓர் ஆணையால் நின்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனிச் சொந்த ஏரியின் நிலையைக் காண்போம். தமிழ்நாட்டில் இவ்வழியைப் பேரளவிற் கையாண்டது ஜோஹோ நிறுவனம். 1996 ஆம் ஆண்டில் வேறு பெயரோடு தோன்றிய அந்நிறுவனம், சென்னையிலும் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் பணியிடங்கள் கொண்டது. தன் மென்பொருள்களைப் பிறர் மேகத்தில் ஏற்றாது, சொந்தத் தரவு மையங்களிலேயே வைத்து நடத்துவது அதன் கொள்கை. அந்நிறுவனம் 2021 இல் அரட்டை என்னும் செயலியை வெளியிட்டது. நான்கு ஆண்டுகள் பெரிதும் அறியப்படாதிருந்த அச்செயலியில், 2025 செப்டம்பர் இறுதியில், நாள்தோறும் புதிதாகச் சேர்வோர் தொகை மூன்றே நாள்களில் 3,000 இலிருந்து 3,50,000 ஆக உயர்ந்தது என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். வெள்ளம் போல் வந்த கூட்டத்தைத் தாங்க அவசரம் அவசரமாகப் பொறிகளைப் பெருக்க நேர்ந்தது. சொந்த ஏரியின் கரை எத்துணை வலியது என்பது வெள்ளம் வரும் நாளில்தான் தெரியும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அரட்டை ஜோஹோவிற்குச் சொந்த வீடு. அதிற் பேசும் பெரம்பலூர் உழவருக்கு அதுவும் பிறர் வீடே. உள்ளூரார் வீடு என்பது மட்டுமே வேறுபாடு.

பேசுவோரே வீட்டை உடையவராதல் கூடுமா? கூடும் என்று காட்டியது மாஸ்டோடான். அதனைச் செருமானியராகிய ஆய்கன் ரோக்கோ 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மாஸ்டோடான் என்பது மறைந்துபோன யானையின விலங்கு ஒன்றின் பெயர். கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களை வயலிலும் சுரங்கத்திலும் கண்டு பழகிய அரியலூர் மாணவர்க்கு இப்பெயர் வியப்பளியாது. அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெற்றுத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், மாற்றியும் அமைக்கலாம். ஒரு பள்ளி தனக்கென ஒன்று நடத்தலாம்; ஓர் ஊர் தனக்கென ஒன்று நடத்தலாம். அவ்வாறு நடத்துவோர் தனித்தீவாய் நின்றுவிடுவதில்லை. ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறியை உலக இணையக் கூட்டமைப்பு 2018 சனவரியில் ஏற்றுக்கொண்டது. அந்நெறியைப் பின்பற்றும் வழங்கிகள் யாவும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும். மேலேரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியே கீழேரிக்குச் செல்லும் ஏரித்தொடரை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். ஒவ்வோர் ஏரிக்கும் தனிக்கரை, தனி மதகு, தனிக் காவல்; ஆயினும் நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கின்றது. மாஸ்டோடான் வழங்கிகளின் தொடர்பும் அத்தகையதே. 2019 நவம்பரில் இந்தியர் பலர் அதிற் குடியேறினர். இதற்கு முன்னரே, 2010 இல் நியூயார்க்கு மாணவர் நால்வர் தொடங்கிய டயஸ்போரா என்னும் மென்பொருளைக் கொண்டு, இந்தியக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் நன்கொடை திரட்டிச் சொந்த வழங்கி நடத்தியதும் உண்டு.

இது கேட்டு, நாளையே ஒரு கணினி வாங்கிவிடலாம் என்று எண்ணுதல் வேண்டா. சிறு குழுவிற்குப் பழைய மேசைக்கணினி ஒன்றே போதும், பொறி அரிதன்று. அதனைப் பேணுதலே அரிது. வீட்டிற்கு வரும் இணைய இணைப்பில் பெரும்பாலும் நிலையான பொதுமுகவரி இராது. வெளியிலிருந்து வருவோர் வீட்டைக் கண்டறிய அம்முகவரி வேண்டும். அதனைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும். மின்தடைக்கு இன்வெர்ட்டர் வேண்டும். மென்பொருளில் குறை கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளிவந்த அன்றே அதனை ஏற்றுதல் வேண்டும். ஏற்றாத வழங்கியைத் தேடித் திரியும் கயவர் இணையத்தில் மிகப் பலர். இவற்றினும் கடினமானது மனிதரை நடத்துவது. ஒருவர் மற்றொருவரை இழித்து எழுதினால் அதனை நீக்குவது யார்? நீக்கப்பட்டவர் முறையிட்டால் கேட்பது யார்? இந்திய அரசின் 2021 ஆம் ஆண்டு விதிகள், பிறர் பதிவுகளைத் தாங்கும் தளம் நடத்துவோர் குறைகேட்கும் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்கின்றன. உறுப்பினர் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பெருந்தளங்களுக்குக் கடமைகள் இன்னும் மிகுதி.

சோழர் காலத்து ஊர்ச்சபையார் இத்தகைய சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததையும், வாரியத்தாரைக் குடவோலை முறையால் தேர்ந்ததையும் கூறுகின்றன. எவரெவர் வாரியத்திற்கு வரத் தகார் என்பதையும் அவை விரித்துரைக்கின்றன. ஏரியை ஒரே மனிதரின் நல்லெண்ணத்தை நம்பி அவர்கள் விட்டுவிடவில்லை. இக்காலத்துச் சிறு வழங்கிகள் பல, இதற்கு மாறாக, ஒருவர் தோளிலேயே நிற்கின்றன. அவருக்கு நோய் வந்தாலோ வேலை மாறினாலோ வழங்கி நின்றுவிடும். 2022 ஆம் ஆண்டின் இறுதியில், கணினித் தொழிலர் பலர் கூடியிருந்த மாஸ்டோடான் வழங்கியொன்று, அதனை நடத்தியவர் தொடர இயலாமையால் மூடப்பட்டது. உறுப்பினர் வேறு வழங்கிக்குச் செல்லும்போது தம்மைப் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்ல மாஸ்டோடான் இடந்தருகின்றது. பழைய பதிவுகளோ புது வீட்டிற்கு வருவதில்லை. யாகூவும் கடையை மூடியது. நல்லெண்ணம் உடைய தனியொருவரும் கதவை மூடினார். இழந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

சொந்த இடம் என்பதனாலேயே காவல் வந்துவிடாது என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே பழஞ்சான்று உண்டு. இராசேந்திர சோழனின் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைச் சூழ்ந்து கருங்கல் மதில் இருந்தது. 1836 ஆம் ஆண்டில், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, அம்மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். கல்லில் எழுதினால் காலத்தை வெல்லும் என்பர். கல்லையே கொண்டுபோய்விட்டால் எழுத்து எங்கே நிற்கும்? வேறிடத்தில் படி எடுத்து வைத்திருந்தால் மட்டுமே நிற்கும்.

கணினிக்கும் இஃதே நெறி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்னும் மேக நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலாயிற்று. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் யாவற்றையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேசோன் நகரில், அரசே சொந்தமாக நடத்திய தரவு மையத்தில், மின்கலங்களிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர் தம் பணிக்கோப்புகளைச் சேமித்த 858 டெராபைட் அளவினதாகிய களஞ்சியம் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதனால் அதற்கு வெளியே படி எடுத்திலர். முன்னது வாடகை வீடு. பின்னது சொந்த வீடு. நெருப்பு வேறுபாடு பார்க்கவில்லை.

ஆகவே அறிந்தோர் இக்காலத்தில் நடுவழி ஒன்றைக் கையாளுகின்றனர். இணையப்பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் பிறரிடம் விடுவதில்லை. தம் பெயரிலேயே பதிவு செய்து ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வருகின்றனர். பெயர் தம்மிடம் இருந்தால் வழங்கியை எங்கு மாற்றினும் வருவோர்க்கு வழி தெரியும். பொறியை வாடகைக்கும் எடுக்கின்றனர். ஆனால் ஒரு நிறுவனத்தில் மட்டுமே ஓடும் மென்பொருளைத் தவிர்த்து, எங்கும் ஓடக்கூடிய கட்டற்ற மென்பொருளையே நிறுவுகின்றனர். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டிற்குச் செல்லலாம். மூட்டை எந்நேரமும் கட்டியபடியே இருத்தல் வேண்டும். காப்புப்படி என்பது அதுவே.

பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகளும் அரியலூர் மாவட்டத்தில் 201 ஊராட்சிகளும் உள்ளன. ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழை கொண்டு செல்லும் பணியைத் தமிழக அரசு மேற்கொண்டுள்ளது. இவற்றுள் ஓர் ஊரின் வெங்காய உழவர் தமக்கென ஒரு வழங்கி நடத்த விரும்பினால் அது நடவாத செயலன்று. நோய்ப்படங்களும், மருந்து இட்ட நாள்களும், சந்தை விலையும், பட்டறையிற் சேமித்த வெங்காயம் எத்தனை நாள் அழுகாமல் இருந்தது என்பதும் பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் திரண்டால் அவ்வூர்க்கு அது பெருஞ்செல்வம். வழங்கியின் கடவுச்சொல்லை மூவராவது அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிடினும் மற்றவர் திறப்பர். நாள்தோறும் இரவில் படி ஒன்று தானே எழுதப்படுமாறு அமைத்தல் வேண்டும். அப்படியைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைக்குறியிட்டு, உள்ளங்கையில் அடங்கும் வட்டு ஒன்றிற் பதிந்து, வாரம் ஒருமுறை அரியலூர் செல்லும் பேருந்தில் உறவினர் வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம். ஓர் இடி இரண்டு ஊரிலும் விழாது. அதற்கு 30 கிலோமீட்டர் போதும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவ்வட்டை வேறொரு கணினியில் ஏற்றி, பழைய பேச்சு முழுதும் மீண்டும் எழுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படியை நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் வெற்று வட்டைக் கண்டு விழித்தவர் உலகில் மிகப் பலர்.